சம்பந்தியின் பெயரும் சிவப்புப் பேனையும்

போன சனிக்கிழமை குடும்பமாகச் சம்பந்தி வீட்டுக்குக் கலியாண அட்டை கொடுக்கப் போனோம். இப்போது கலியாணமே நடக்குமோ தெரியாது!

சம்பந்தி ஒரு சீனப் பெண்மணி. இங்கே, டென்மார்க்கில், எங்கள் ஒடென்சே நகரில்தான் இருக்கிறார். கணவர் இல்லை, ஒரே மகன். அவனும் என் மகள் துளசியும் ஒரே அலுவலகத்தில் வேலை செய்து, விரும்பி... மீதி உங்களுக்குத் தெரியும். வேற்று இனப் பெண் வேண்டாம் என்று நெடுநாள் பிடிவாதமாக நின்ற மனிசி, இந்தக் கோடையில்தான் ஒருவாறு இறங்கி வந்தார்.

இறங்கி வந்தவரின் மனதைக் குளிர்விக்க வேண்டாமா? அட்டை உறையில் அவருடைய பெயரைச் சீன எழுத்தில், என் கையாலேயே எழுதிக் கொடுப்பது என்று தீர்மானித்தேன். மனைவியைத் தவிர யாருக்கும் மூச்சு விடவில்லை. மாப்பிள்ளையிடம் நைசாகப் பெயரை மட்டும் எழுதி வாங்கிக்கொண்டேன்.

நாங்கள் சுழித்துச் சுழித்து எழுதிப் பழகிய ஆட்கள். அங்கே எல்லாம் கோடு. எந்தக் கோடு முதல், எது பிறகு என்று அதற்கும் சட்டம் உண்டு. ஃபோனில் வீடியோ பார்த்து எழுதி எழுதிப் பழகினேன். குமிழ்முனைப் பேனையில் எழுதினால் கோடெல்லாம் ஒரே தடிப்பில் செத்துக் கிடந்தது. ஜெல் பேனை வழுக்கியது. கோட்டின் முடிவில் சின்னதாக ஒரு கொக்கி இழுக்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடியது. கடைசியில் டிராமில் நகரத்துக்குப் போய், தூரிகை போல மெத்தென்ற முனையுள்ள கறுப்புப் பேனை ஒன்று வாங்கினேன். அழுத்தினால் தடிக்கும், தூக்கினால் மெலியும் — அதுவல்லவோ பேனை!

"என்னப்பா, நல்ல காரியத்துக்குக் கறுப்பிலயோ எழுதப் போறியள்?" என்றாள் மனைவி.

நியாயம்தானே? நான்கு மூலைக்கும் மஞ்சள் பூசிக் கொடுக்கிற அட்டையில் கறுப்பா? திரும்பப் போய்ச் சிவப்பு வாங்கினேன். சீனர்களுக்கும் கலியாணம் என்றால் எங்கு பார்த்தாலும் சிவப்புத்தானே!

சம்பந்தி உறையை இரண்டு கையாலும் வாங்கினார். பார்த்தார். முகம் வெளிறிப்போனது. உறையை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு அறைக்குள் போனவர், நாங்கள் புறப்படும்வரை வெளியே வரவில்லை. மகன்தான் வாசல்வரை வந்து துளசியின் காதில் ஏதோ சொன்னான்.

காருக்குள் துளசி வெடித்தாள். "அப்பா, உயிரோட இருக்கிற ஆளின்ட பேரைச் சிவப்பு மையில எழுதக் கூடாதாம். செத்துப் போ எண்டு சொல்லுற மாதிரியாம்! என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே!"

கலியாணத்துக்கு ஹோல் எடுத்தாயிற்று, மேளத்துக்குச் சொல்லியாயிற்று. மன்னிப்புக் கேட்கப் போனால் மனிசி கதவைத் திறக்கவில்லை. அம்மா வராமல் தாலி கட்ட மாட்டேன் என்கிறான் அந்தப் பிள்ளை. அவனைக் குறை சொல்ல முடியுமா? துளசி சாப்பிடாமல் அழுதுகொண்டு கிடக்கிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

நேற்று அவனைப் பிடித்து, எனக்குத் தெரிந்த டேனிஷில் கெஞ்சினேன். "தெரியாமல் செய்துவிட்டேன் என்று அம்மாவிடம் சொல்லவில்லையா?"

"சொன்னேன். நம்பவில்லை," என்றான். "எழுத்துக் கோணலாக இருந்தால் நம்பியிருப்பாராம். ஒரு கோடுகூடப் பிழையில்லாமல் இவ்வளவு அழகாக எழுதத் தெரிந்தவருக்கு, இது மட்டும் தெரியாதா என்று கேட்கிறார்."

கிறுக்கியிருந்தால் சம்பந்தியாகியிருப்பேன்!