நேருக்கு நேர் சனி

கும்மிடிப்பூண்டியில் நான் இருந்த அறையில் ஒரு ஜன்னல், ஒரு ஸ்டவ், ஒரு கயிற்றுக் கட்டில். எழுபதுகளின் தொடக்கம் அது. ரயில் நிலையத்தைத் தாண்டிச் சவுக்குத் தோப்புகளுக்கு நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பட்டறைகள் முளைத்துக்கொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் எனக்கு லேத் வேலை. முப்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. திருவள்ளூரில் அண்ணன் வீடு இருந்தது. போனால் அண்ணி வயிறாரச் சோறு போடுவாள். கூடவே ஏதாவது ஒரு பெண்ணின் ஜாதகத்தையும் பரிமாறுவாள். அதனால் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

காலையில் ஒரு முறை சோறு வடிப்பேன். ராத்திரிக்கும் அதுதான், மோர் ஊற்றி. ரேடியோ இல்லை, சினிமா இல்லை, டீக்கடை அரட்டை இல்லை. பட்டறையில் எனக்குக் கஞ்சன் என்று பேர். நான் ஒன்றும் சேர்த்து வைக்கவில்லை. எல்லாம் கண்ணாடியில் போய்க்கொண்டிருந்தது.

மூர் மார்க்கெட்டில் பழைய இங்கிலீஷ் புத்தகம் ஒன்று கிடைத்திருந்தது. வீட்டிலேயே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்வது எப்படி என்று படம் போட்டு விளக்கும் புத்தகம். அதன் கடைசிப் பக்கத்தில் வளையத்தோடு சனி கிரகம். அந்த வளையத்தை நானே தேய்த்த கண்ணாடியில், என் கண்ணால் பார்க்க வேண்டும். எனக்கிருந்த ஆசை அது ஒன்றுதான். யாரோ செய்த கண்ணாடியில் பார்ப்பதெல்லாம் எனக்குப் பொருட்டே இல்லை. திமிர் என்றால் திமிர்தான்.

துறைமுகத்துப் பக்கம் பழைய சாமான் கடையில் கப்பல் ஜன்னல் கண்ணாடி இரண்டு வாங்கினேன். ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம், நல்ல கனம். பின்கட்டில் ஒரு தார் டிரம்மை நிறுத்தி, அதன் தலையில் ஒன்றைப் பொருத்தினேன். சாணை பிடிக்கிற எமரித் தூளும் தண்ணீரும் விட்டு, மற்றதை மேலே வைத்து முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். தேய்த்துக்கொண்டே டிரம்மைச் சுற்றி நடக்க வேண்டும். நாள் போகப் போக மேல் கண்ணாடி குழியும். பட்டறையில் நாளெல்லாம் இரும்பு அறைந்த காதுக்கு அந்தக் கரகரச் சத்தம் இதமாக இருந்தது.

வீட்டுக்கார அக்காவுக்குத்தான் அது தாங்கவில்லை. நாற்பதைத் தாண்டியவள், அரிசி மில்லில் நெல் காய வைக்கிற வேலை. புருஷன் லாரியில் மூட்டை ஏற்றும்போது விழுந்து செத்துப்போயிருந்தான். கட்டிக் கொடுத்த மகள் மாமியார் வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு திரும்பி வந்திருந்தாள். எல்லை தாண்டிய தெலுங்குப் பழக்கத்தில் அக்கா என்னை நைனா என்றுதான் கூப்பிடுவாள்.

"கோயில சுத்தினா பொண்ணாவது கெடைக்கும். டிரம்ம சுத்திகினு கீறியே நைனா, இன்னா கெடைக்கும் உனுக்கு?"

நான் சிரித்து வைப்பேன். ராத்திரி அவள் தன் அடுப்படியிலிருந்து, "சாப்டியா?" என்று ஒரு குரல் கொடுப்பாள். "ஆச்சுக்கா" என்பேன். பல நாட்களில் பட்டறைக்கு வெளியே நான் பேசிய பேச்சு அவ்வளவுதான். தனிமை என்று அதை அப்போது ஒப்புக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அந்தக் குரல் வரத் தாமதமானால் கட்டிலில் சாயாமல் உட்கார்ந்திருப்பேன்.

குழித்த பிறகு பளபளப்பாக்க வேண்டும். அதற்குப் புத்தகத்தில் சொல்லியிருந்த சீமைப் பிசின் எங்கும் கிடைக்கவில்லை. பஸ் பிடித்துப் பழவேற்காட்டுக்குப் போய், படகு இடுக்கை அடைக்கக் குங்கிலியம் காய்ச்சுகிறவர்களிடம் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்தேன். வேலைக்கு அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் கோடை வந்ததும் இளகிக் கண்ணாடியின் வடிவத்தையே கெடுத்துவிட்டது. மார்கழிக் குளிர் வரும்வரை காத்திருந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். அந்த வருஷம் பொங்கலுக்குக்கூட அண்ணன் வீட்டுக்குப் போகவில்லை. ரசம் பூசும் கடைக்காரர், வழக்கம்போல் பின்பக்கத்தில் இல்லாமல் முன்பக்கத்தில் பூசச் சொன்னதைக் கேட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பூசிக் கொடுத்துவிட்டார்.

தை மாதம் ஒரு சாயங்காலம், இருட்டுகிற நேரம், பலகை அடித்துச் செய்த குழாயில் கண்ணாடியைப் பொருத்தி, அதைக் கிழக்கே திருப்பி வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் அகப்படவில்லை. பிறகு ஓரத்திலிருந்து நகர்ந்து உள்ளே வந்தது. சின்னது, வெளிர் மஞ்சள், சுற்றிலும் வளையம். படத்தில் இருந்தபடியே இருந்தது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று திரும்பினேன். அக்காவின் எருமைக் கன்று மட்டும் கட்டிக் கிடந்தது. அக்காவும் மகளும் ஊத்துக்கோட்டைக்கு ஒரு காரியமாகப் போயிருந்தார்கள். ரொம்ப நாள் ஆசை நிறைவேறிய அன்றைக்குத்தான் எனக்கு அப்படியொரு அழுகை வந்தது.

மறுநாள் அக்காவிடம் சொன்னேன். "வானத்துல ஒண்ணு காட்டறேங்கா, தெருவுல எல்லாரையும் கூப்பிடுங்க." அவளுக்கு ஒரே பெருமை. தன் வீட்டு வாடகைக்காரன் பைத்தியக்காரன் இல்லை என்று நிரூபிக்க வந்த நாள் அல்லவா. வீடு வீடாகப் போய் அவளே அழைத்தாள். வாசல் தெளித்தாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பெண்கள், பிள்ளைகள், ஷிப்ட் முடிந்து வந்த நாலைந்து ஆண்கள் என்று பின்கட்டு நிறைந்துவிட்டது. அந்த இடத்தில் அத்தனை பேரை நான் பார்த்ததே இல்லை. குழாயைச் சரியாக நிறுத்தினேன்.

"இன்னா ஸ்டாரு சார் இது?" என்று எதிர்வீட்டுக்காரர் கேட்டார்.

"ஸ்டாரு இல்ல. சனி" என்றேன்.

ஒருத்தி தன் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு நகர்ந்தாள். "வெளக்கு வெச்ச நேரத்துல போயும் போயும் அந்தப் பேர சொல்றாரே" என்று ஒரு குரல். இன்னொருத்தி தன் மகனின் கண்ணைப் பொத்தியே இழுத்துப் போனாள். பின்கட்டு காலியாக அதிக நேரம் ஆகவில்லை. எதிர்வீட்டுக்காரர் மட்டும் நின்று, காதோடு காதாகச் சொன்னார்: "குருன்னு சொல்லிடு சார். எவனுக்கு இன்னா தெரியும்? க்யூ கட்டி நிப்பாங்க."

"சனியை சனின்னுதான் சொல்லுவேன்" என்று கத்தினேன். இத்தனை பாடுபட்டு, கோடையைச் சபித்து, குளிரைக் கும்பிட்டு நான் வரவழைத்தவனுக்குப் பேரை மாற்றுவதா? அவரும் போய்விட்டார்.

அக்கா அடுப்படிக் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளுக்கு ரிஷப ராசி, ஏழரை நடந்துகொண்டிருந்தது என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது. புருஷன் போனதும் மகள் திரும்பி வந்ததும் அவள் கணக்கில் சனி செய்த வேலை. சனிக்கிழமை தவறாமல் சிவன் கோயிலில் எள் விளக்கு ஏற்றுவாளாம். அங்கேயும் அவன் பார்வையில் நேராக நிற்காமல், பக்கவாட்டில் ஒதுங்கி நின்று கும்பிடுவாளாம். அப்படிப்பட்டவளின் வீட்டுப் பின்கட்டில் அவனைக் குழாய் வழியாக இறக்கி வைத்துவிட்டு, ஊரையும் கூப்பிடச் சொல்லியிருந்தேன்.

அன்று ராத்திரி சாப்டியா என்ற குரல் வரவில்லை. மறுநாளும் இல்லை. மகளை அழைத்துப்போக வருவதாகச் சொல்லியிருந்த மாப்பிள்ளை வீட்டார் அந்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஒரு நாள் அக்கா என் அறை வாசலில் வந்து நின்றாள்.

"தப்பா நெனச்சிக்காத நைனா. வேற எடம் பாத்துக்க. உன் மேல எனுக்குக் கோவம் இல்ல. பொண்ணு வாய்க்கையாச்சே, எனுக்கு பயமா கீது."

பதிலுக்கு நான் விஞ்ஞானம் பேசினேன். அது எத்தனையோ கோடி மைலுக்கு அப்பால் இருக்கிறது, நம்மை அதற்குத் தெரியவே தெரியாது என்றேன். அவள் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, "இந்த மாசத்தோட" என்று சொல்லிப் போனாள். அவள் இல்லாவிட்டால் எனக்கு அந்த ஊரில் யார் என்று யோசித்தேன். ஒருவரும் இல்லை. அத்தனை வருஷம் அங்கே இருந்து நான் சம்பாதித்தது ஒரு குரலைத்தான். அதையும் நானே துரத்திவிட்டேன்.

பட்டறைக்குப் பக்கத்திலேயே ஒரு கொட்டகை கிடைத்தது. கிளம்புவதற்கு முந்தின சாயங்காலம், குழாயைக் கழற்றும் முன் கடைசியாக ஒரு முறை பார்க்கலாம் என்று பின்கட்டில் நிறுத்தினேன். அக்கா மில்லிலிருந்து வந்தவள், தலையில் கட்டிய துணியைக்கூட அவிழ்க்காமல் நேராக என்னிடம் வந்தாள். உமி அப்பிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"கீறானா அவன்?"

"இருக்கான்க்கா."

"காட்டு."

நான் தயங்கினேன். வேண்டாம் அக்கா, உங்களுக்கு மனசு கஷ்டப்படும் என்றேன்.

"இத்தினி வருசமா அவன் என்னப் பாத்துகினு கீறான். நான் அவன ஒருவாட்டிகூட பாக்கலியே. பயந்து பயந்து பக்கத்துல நின்னதுதான். இன்னிக்கி நேரா பாத்துடறேன், நகரு."

எப்படிக் கண்ணை வைப்பது என்று காட்டிக் கொடுத்தேன். குனிந்தாள். ரொம்ப நேரம் அசையவில்லை. திட்டப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவன் நகர்ந்து மறையும்போது குழாயைத் தள்ளிவிட்டேன். திரும்பக் கண்ணை வைத்தாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபமும் இல்லை, பயமும் இல்லை.

"பாவம்ப்பா" என்றாள். "அக்கம்பக்கத்துல ஒருத்தரும் இல்ல. சுத்தி வேலி போட்டுகினு ஒண்டியா கீறான்."

அவள் அவனைப் பற்றித்தான் சொன்னாள், என்னைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் நான் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் திருகாணிகளைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் பக்கத்திலேயே நின்றாள். இருந்துட்டுப் போயேன் என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். இருக்கட்டுமாக்கா என்று நான் கேட்கட்டும் என்று அவளும் காத்திருந்தாளோ என்னவோ, இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே அவள் மகள் கூப்பிட்டாள். அக்கா போனாள். விடிந்ததும் மாட்டு வண்டி வந்தது, டிரம்மையும் ஏற்றிக்கொண்டு போனேன்.