ஈரக் காற்று எத்தனை கிலோ?

டீமேக்கராக நான் தனிப் பொறுப்பேற்ற முதல் நாளே மழை. குன்னூர் பக்கத்து டீ எஸ்டேட் பேக்டரி அது; கொழுந்து தேயிலைத்தூளாகும் வரை டீமேக்கர்தான் பொறுப்பு. "இன்னிக்கு லாட் கெட்டுச்சுன்னா பழையபடி ஆபீஸ் மேசைக்கே போயிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் மேனேஜர் கிளம்பினார். நான் அசரவில்லை. பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவன் அல்லவா!

பறித்த கொழுந்தை மாடியில் நீளமான தொட்டிகளில் பரப்பி, அடியில் ஃபேன் போட்டு வாட்டுவோம். ஈரம் குறைந்து இலை துவண்டால்தான் ரோலரில் போட முடியும். அந்த ஈரம் வெளியேற வழி வேண்டும். நனைந்த சாக்கு கனக்கிறது, அப்படியானால் ஈரக் காற்றும் கனம், கீழேதான் தங்கும் என்று முடிவுகட்டினேன். கூரையடி ஜன்னல்களைச் சாத்திவிட்டு, தரையோரக் கதவுகளைத் திறக்கச் சொன்னேன்.

கொழுந்து பரப்பும் செல்வராணி தயங்கினார். "ஏனுங்க சார், எப்பவும் மேல் ஜன்னலத்தானுங்க தொறப்போம்."

"அது பழைய பழக்கம். ஈரக் காத்து கனம், கீழதான் நிக்கும். சொன்னதச் செய்ங்க."

மதியமாகியும் கொழுந்து விறைப்பாகவே கிடந்தது. அதன்மேல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வேறு. கூரை ஒழுகுகிறதென்று ஏணி கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன்.

"மழை நின்னு ரெண்டு மணி நேரமாச்சுங்க சார்" என்றார் செல்வராணி.

முகத்தில் அறைந்தாற்போல் இருந்தது. இலையிலிருந்து கிளம்பிய ஆவி மேலே போய், குளிர்ந்த தகரத்தில் பட்டு, தண்ணீராகித் திரும்பி வந்திருக்கிறது. கல்லூரியில் மனப்பாடம் செய்ததுதான். தண்ணீரின் மூலக்கூறு எடை பதினெட்டு. காற்றிலுள்ள நைட்ரஜன் இருபத்தெட்டு, ஆக்சிஜன் முப்பத்திரண்டு. கனமானவை இருந்த இடத்தில் லேசானது புகுந்தால் காற்று லேசாகி மேலே போகாமல் என்ன செய்யும்? சாக்கைக் கனக்கவைத்தது தண்ணீர், ஆவியல்ல. பரீட்சையில் எழுதியதை பேக்டரியில் மறந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது.

"மேல் ஜன்னல் எல்லாத்தையும் தொறங்க!"

சாயங்காலம் செல்வராணி ஒரு பிடி கொழுந்தை இறுக்கிப் பிடித்து, கையை விரித்தார். உருண்டை பிரியாமல் நின்றது; இலை பதமாக வாடிவிட்டது. லாட் பிழைத்தது, நானும் பிழைத்தேன்.

ஏன் தாமதம் என்று மேனேஜர் கேட்டபோது உள்ளதைச் சொன்னேன். "ஏன், ஈரக் காத்து கனந்தானே?" என்றார் அவர். பிறவியிலேயே தெரிந்தவன் போல அவருக்கு விளக்கினேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு பழக்கத்தை மாற்றும் முன், அது ஏன் வந்தது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. அதனால், தான் ஓய்வு பெறும்வரை, காலையில் நான் மாடி ஏறும்போதெல்லாம் செல்வராணி என்னைக் கேட்டார்:

"சார், இன்னிக்குக் காத்து எத்தனை கிலோங்க?"