கம்ப்யூட்டர் அறையில் செருப்பு

என் பேத்தி மேல்நிலை வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவு எடுத்தபோது எனக்கு முதலில் வந்தது பெருமை இல்லை, பயம். மின்சாரம் ஓடும் எதன் அருகிலும் பிள்ளைகளை விடக் கூடாது என்பது என் கட்சி. விருத்தாசலத்தில் பீங்கான் இன்சுலேட்டர் செய்யும் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கிக்கொண்டு குடை குடையாக ஒரு பீங்கான் இருக்குமே, அதுதான். அதில் மயிரிழை விரிசல் கண்டாலும் ஒதுக்கிவிட வேண்டும். நல்லது எத்தனை, கழிவு எத்தனை என்று எண்ணி எண்ணி அந்தப் பழக்கம் வீடு வரை வந்துவிட்டது. மாத்திரை, மாடிப்படி, பஸ்ஸில் நிற்கும் ஆட்கள் என்று எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது.

பேத்தி படித்தது அரசு உதவி பெறும் ஒரு பெண்கள் பள்ளியில். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊர் ஊராகப் பள்ளிகளுக்குக் கம்ப்யூட்டர் வந்துகொண்டிருந்த காலம். அவர்கள் பள்ளிக்கு ஆறு வந்தன. தலைமையாசிரியை அந்த ஆறையும் பெற்ற பிள்ளைகள் மாதிரி பார்த்துக்கொண்டார். துணி உறை தைத்துப் போட்டார். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். எங்கள் ஊரின் வெள்ளைக் களிமண் தூசு எங்கே போனாலும் கூடவே வரும் என்பதால், ஒவ்வொரு வகுப்புக்கும் முன்னால் ஆயாவை விட்டு ஈரத்துணியால் தரையைத் துடைக்கச் சொன்னார். கதவில் ஒரு பலகை: காலணிகளை வெளியே விடவும். பலகையே தேவையில்லை. பொட்டு வைத்த இயந்திரம் இருக்கும் அறைக்குள் செருப்போடு போக எங்கள் ஊரில் யாருக்கும் மனசு வராது.

பேத்தி பிளஸ் டூ வந்த வருஷம், மழை விட்டும் விடாமலும் இருந்த ஒருநாள், சாப்பிடும்போது சொன்னாள்.

"தாத்தா, கம்ப்யூட்டர் பெட்டியத் தொட்டா சுள்ளுனு இழுக்குது."

கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். "டீச்சர்கிட்ட சொன்னியா?"

"எல்லாருந்தான் சொன்னோம். அவங்க பெட்டி மேல கைய வச்சுப் பாத்துட்டு, எனக்கு ஒண்ணும் தெரியலியே, டைப் அடிக்க சோம்பேறித்தனப்பட்டு கதை விடுறீங்களாடின்னு திட்டுறாங்க. இப்ப யாரும் சொல்றதில்ல. பல்லக் கடிச்சிக்கிட்டு அடிக்கிறோம்."

அந்த வாரமே, நல்லூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து படிக்கும் ஒரு பெண், வெடுக்கென்று கையை இழுத்து ஸ்டூலோடு கீழே விழுந்தாள். மணிக்கட்டு வீங்கிவிட்டது. தலைமையாசிரியை அன்றைக்கே புது விதி போட்டார். இனி டீச்சர் மட்டும்தான் கம்ப்யூட்டரைத் தொடுவார். பிள்ளைகள் தள்ளி உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.

பேத்தி வீட்டுக்கு வந்து புத்தகப் பையை வீசினாள். செய்முறைத் தேர்வு பொங்கல் கழித்து வருகிறது. பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை.

"பரீட்சைக்கு வெளியூர்லேந்து வாத்தியாரு வருவாரு. அவரு முன்னாடி நானே புரோகிராம் டைப் பண்ணி ஓட்டிக் காட்டணும். டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுல வேடிக்கை பாத்தே பாஸ் பண்ணவங்க யாராச்சும் இருக்காங்களா தாத்தா?"

"தொட்டா ஷாக்கு அடிக்குதே, கண்ணு."

"நீங்க இத்தன வருஷம் எங்க வேலை பாத்தீங்க? மிட்டாய்க் கடையிலயா?"

மறுநாள் பள்ளிக்குப் போனேன். தலைமையாசிரியை நல்லவர். ஆனால் என்னைப் போலவே பயந்தவர்.

"ஐயா, ஒரு பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா பெத்தவங்களுக்கு யாரு பதில் சொல்றது? தொடாம இருந்தா ஆபத்தே இல்ல."

"ஆபத்து இல்லீங்க மேடம். படிப்பும் இல்லீங்களே."

அவர் கம்ப்யூட்டர் அறைப் பக்கம் கை காட்டினார். போய்ப் பாருங்கள் என்றார்.

அறை வாசலில் நின்று வழக்கம்போல எண்ணினேன். உள்ளே பதினெட்டுப் பிள்ளைகள். வெளியே பதினெட்டு ஜோடிச் செருப்பு. டீச்சரோடு சேர்த்துப் பத்தொன்பது ஜோடி இருக்க வேண்டும். மறுபடி எண்ணினேன். பதினெட்டுதான். தூணுக்குப் பின்னால், ஜன்னலுக்குக் கீழே எல்லாம் தேடினேன். டீச்சரின் காலைப் பார்த்தேன். தடித்த கறுப்பு ரப்பர் செருப்பு போட்டிருந்தார்.

"டீச்சர், நீங்க மட்டும்..."

அவர் கூச்சப்பட்டார். "குதிகால் வலிங்க சார். டாக்டர் இந்தச் செருப்பக் கழட்டவே கூடாதுன்னுட்டாரு. மேடம்கிட்ட பர்மிஷன் வாங்கியிருக்கேன்."

எனக்கு விஷயம் அங்கேயே விளங்கிவிட்டது. என் செருப்பை வெளியே விட்டேன். ஈரத் தரையில் வெறுங்காலோடு நடந்து போய், கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியின் பின்பக்கத் தகட்டில் புறங்கையை வைத்தேன். முழங்கை வரை சுள்ளென்று ஏறியது. வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து அதே இடத்தில் வைத்தேன். ஒன்றும் இல்லை.

"டீச்சர், ஒத்தச் செருப்பக் கழட்டிட்டு, புறங்கையால லேசா தொடுங்க."

தொட்டார். "ஐயோ அம்மா!" என்று கத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டார். பதினெட்டுப் பேரும் ஒரே மூச்சில் சிரித்தார்கள். முன் வரிசையில் இருந்து ஒருத்தி, "மிஸ், சோம்பேறித்தனமா மிஸ்?" என்றாள். டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது, பிறகு அவரும் சிரித்தார். அன்று மாலை ஒவ்வொரு பெண்ணிடமும் தனித்தனியாக மன்னிப்புக் கேட்டார் என்று பேத்தி சொன்னாள். அதற்கு ஒரு மனசு வேண்டும்.

பிள்ளைகள் பொய் சொல்லவில்லை என்பது தெரிந்துவிட்டது. ஆனால் தகட்டுக்கு மின்சாரம் ஏன் வருகிறது? இப்படிப்பட்ட பெட்டிகளில் கொஞ்சம் மின்சாரம் கசிவது சகஜம். அதை மண்ணுக்குள் கொண்டுபோய் விடத்தான் எர்த் கம்பி. வயரிங் செய்த எலக்ட்ரீஷியனை வரவழைத்தேன். அவருக்குக் கோபம்.

"எர்த்து குடுத்துருக்கேன் சார். ரூமுக்குப் பின்னாடி குழாய் எறக்கிருக்கேன், வாங்க காட்டுறேன். உப்பு, கரி எல்லாம் போட்டுத்தான் பொதைச்சேன்."

"நீங்க சொல்றத நம்புறேன் தம்பி. ஒரு டெஸ்ட் லேம்பு மட்டும் போட்டுப் பாத்துடுவோம்."

ஒரு பல்பை எடுத்து ஒரு கம்பியை மின்சாரத்திலும் மறு கம்பியை எர்த்திலும் தொட்டால் பளிச்சென்று எரிய வேண்டும். ஆறு பிளக்கிலும் பார்த்தார். ஆறிலும் இழைகூடச் சிவக்கவில்லை. அவர் போய் மண்வெட்டி எடுத்துவந்து குழாயைச் சுற்றித் தோண்டினார். ஒரு சாண் ஆழத்துக்கு மண். அதற்குக் கீழே மண்வெட்டி கணீர் கணீர் என்றது. உடைந்த இன்சுலேட்டர், ஃபியூஸ் கட்டை, கப் பிடி, பொம்மைத் தலை. இடுப்பளவு தோண்டியும் பீங்கான்தான்.

அந்த மைதானம் ஒரு காலத்தில் பள்ளம். மழைக்குக் குளமாக நிற்கும். பெற்றோர் ஆசிரியர் கழகத் தலைவர் சொந்தமாகப் பீங்கான் சூளை வைத்திருப்பவர். சூளைக் கழிவை லாரி லாரியாகக் கொட்டி, மேலே மண் பரப்பி, இலவசமாக மேடாக்கித் தந்திருந்தார். எங்கள் ஊரில் பள்ளம் என்றால் எல்லோரும் அப்படித்தான் நிரப்புவார்கள். மின்சாரம் போகக் கூடாது என்பதற்காகவே உலகம் பீங்கானை வாங்குகிறது. நாங்கள் அந்தப் பீங்கானுக்கு நடுவில் எர்த் குழாயை நட்டு, மின்சாரம் போய்விடும் என்று நம்பி உட்கார்ந்திருந்தோம்.

கழகக் கூட்டம் கூடியது. நான் சொல்லி முடிக்கும் முன்பே தலைவர் எழுந்துவிட்டார்.

"அண்ணே, பத்துப் பைசா வாங்காம நெரப்பிக் குடுத்தேன். இப்ப அது குத்தமா? அப்ப அந்தக் குட்டையிலயே புள்ளைங்க நீந்திக்கிட்டு வந்திருக்கலாமே!"

"குத்தம்னு யாருங்க சொன்னா? உங்க பீங்கானு அவ்ளோ சுத்தம். பொட்டு மின்சாரம்கூட உள்ள வுடல."

கூட்டம் சிரித்தது. அவருக்கும் மீசைக்குள் சிரிப்பு வந்துவிட்டது. மைதானத்தின் கோடியில், கை கழுவும் குழாய்க்குப் பக்கத்தில், பழைய கரிசல் மண் எப்போதும் ஈரமாக இருக்கும். அங்கே புதுக்குழி வெட்டிக் கம்பியை அதுவரை இழுப்பது, கசிவு கண்டால் தானாக விழும் சுவிட்ச் ஒன்று மாட்டுவது. இதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள். அடுத்து, பிள்ளைகள் செருப்புப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்றேன். கூட்டம் இரண்டாகப் பிளந்துவிட்டது.

"சரஸ்வதி இருக்கிற எடத்துல செருப்பா?" என்றார் ஒரு அம்மா. "எங்க வூட்ல புஸ்தகத்து மேல கால் பட்டாக்கூட கண்ணுல ஒத்திக்குவோம்."

"தூசு வேற போகும் ஐயா. மிஷின் கெட்டா யாரு வாங்கித் தருவா?" என்றார் தலைமையாசிரியை.

"எர்த்துதான் சரி பண்றோமே, அப்புறம் எதுக்கண்ணே செருப்பு?" என்றார் தலைவர்.

"கம்பி அறுந்தா? குழி காஞ்சா? ஒண்ணு போனாலும் ஒண்ணு இருக்கணுங்க. சரஸ்வதிக்குப் புள்ளைங்க கையி காலு நல்லா இருந்தாத்தான் சந்தோஷம்."

ஒன்றரை மணி நேரம் இதே பேச்சு. நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்தபோது டீச்சர் எழுந்தார். குதிகால் வலிக்காரர்.

"ஆபரேஷன் தியேட்டர்ல தனியா செருப்பு வச்சிருப்பாங்க இல்ல மேடம். வெளிச் செருப்ப வெளிய வுட்டுட்டு, அதப் போட்டுக்கிட்டுத்தான் உள்ள போவாங்க. நாமளும் அந்த ரூமுக்குன்னு புது ரப்பர் செருப்பு வச்சிட்டா? தூசும் வராது, தெருச் செருப்பும் உள்ள வராது."

தலைமையாசிரியை உடனே தலையாட்டினார். சரஸ்வதி சொன்ன அம்மாகூட, "புதுசுன்னா தோஷமில்ல" என்றார். தலைவர் எழுந்து, "எல்லாச் செருப்பும் எம் பொறுப்பு. அண்ணே, எண்ணிச் சொல்லுங்க, உங்களுக்குத்தான் அது புடிக்குமே" என்றார்.

அன்றே விதிகளையும் எழுதினோம். வகுப்புக்கு முன் ஈரத்துணி கூடாது, முதல் நாள் மாலையே துடைத்துக் காயவிட வேண்டும். திங்கட்கிழமை தோறும் ஆறு பிளக்கிலும் பல்பு போட்டு, அந்தச் சுவிட்ச் தானாக விழுகிறதா என்று பார்க்காமல் அறையைத் திறக்கக் கூடாது. கடைசி விதியை நான் பிடிவாதமாகச் சேர்த்தேன்: எந்தப் பிள்ளைக்காவது சுள்ளென்றால் உடனே சொல்ல வேண்டும், சொன்ன பிள்ளையைத் திட்டக் கூடாது. தலைமையாசிரியை அதை இரண்டு தடவை படித்தார். பிறகு பேனாவை எடுத்து அதன் கீழே கோடு போட்டார்.

மார்கழிக் குளிரில் புதுக்குழி வெட்டினார்கள். கரி, உப்பு, குழாய், தண்ணீர். தானாக விழும் சுவிட்சை மாட்டுவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியன் பல்புக் கம்பிகளைத் தொட வைத்ததும் அறைக்குள் பளீரென்று வெளிச்சம் அடித்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஆறு பிளக்கிலும் எரிந்தது. வாசலில் நின்ற பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"மொதல்ல யாரு தொடுறது?" என்றார் தலைமையாசிரியை.

"நாந்தான். எம் பீங்கானாலதான இவ்ளோ வம்பு" என்று தலைவர் செருப்பைக் கழற்றி எறிந்தார். வேண்டாமென்று நான் தடுக்கத்தான் போனேன். அதற்குள் வெறுங்காலோடு போய் உள்ளங்கை முழுவதையும் தகட்டில் பதித்துவிட்டார்.  அவர் திரும்பி, "கூசக்கூட இல்லியே! என்னமோ ஊர்ல சொன்னீங்க?" என்றார்.

அன்று முதல் தேர்வு வரை அந்த அறையில் ஒரு வகுப்புகூட நிற்கவில்லை. விட்டுப்போன பாடத்தையெல்லாம் டீச்சர் சனிக்கிழமையும் பிள்ளைகளை வரவழைத்து டைப் அடிக்க வைத்தார்.

தேர்வு நாளில் திட்டக்குடியிலிருந்து வந்த ஆசிரியர் வாசலில் ஷூ நாடாவை அவிழ்க்கக் குனிந்ததும், பிள்ளைகள் உள்ளேயிருந்து ஒரே குரலில், "சார், வெறுங்காலோட வராதீங்க!" என்று கத்தினார்களாம். அவர் திகைத்துப்போய், ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவில் இருந்த விதிகளைக் கடைசி வரி வரை படித்தபிறகுதான் கேள்வித்தாளையே பிரித்தாராம். தங்கள் பள்ளிக்கும் வேண்டும் என்று அதைப் பிரதி எடுத்துக்கொண்டும் போனார்.

நான் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தேன். என்னோடு அந்த நல்லூர்ப் பக்கத்துப் பெண்ணின் அப்பாவும் நின்றார். விவசாயி. மகள் விழுந்த நாளிலிருந்து அவளை வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக்கொண்டிருந்தவர். ஆறு ஆறு பேராக உள்ளே போய்த் திரும்பினார்கள். என் பேத்தி இரண்டாவது அணியில் ஓடிவந்தாள்.

"ஓடிச்சு தாத்தா!"

"தப்பு ஒண்ணும் காட்டலியா?"

"ஒண்ணு காட்டிச்சு. நானே கண்டுபுடிச்சு சரி பண்ணேன். அப்புறம் ஓடிச்சுன்னு சொல்றேன்ல!"

மூன்றாவது அணியில் கடைசியாக அந்தப் பெண் வந்தாள். அப்பாவைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே, "ஓடிச்சுப்பா!" என்றாள். பதினெட்டாவது பெண். பதினெட்டும் ஓடிவிட்டது.

அவர் என் பக்கம் திரும்பினார். "என்னாங்க சார் ஓடிச்சுன்னு சொல்லுதுங்க எல்லாம்?"

"உங்க பொண்ணு ஒரு கணக்கு எழுதிக் குடுத்துருக்கு. மிஷினு அதப் போட்டு வெடை காட்டிருக்குது."

"எம் பொண்ணு எழுதினதா? டீச்சரு இல்லியா?"

"உங்க பொண்ணுதாங்க."

"அது கையாலயா?"

"அது கையாலதான்."

அவர் மகளின் மணிக்கட்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோருக்கும் டீ சொன்னார்.