எஸ்டெலிட்டாவின் பெயரை அழிக்கப் போன வெள்ளிக்கிழமை

நம்புகிறவர்கள் நம்பட்டும். மணிலாவில் பதினாறு வருடமாக டேட்டாபேஸ் வேலை பார்க்கிறேன். பேய் என்றால் சிரிக்கிற ஆள்தான் நானும். ஆனால் இது என் கண்ணெதிரே நடந்தது.

முதலில் என் மேலாளர் ரொடேலியோவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அரைகுறை. ஊரே வாயைக் கட்டி விரதம் இருக்கும் புனித வெள்ளியன்று என்னை ஆபீசுக்கு வரவழைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து பன்றித்தோல் வறுவலை நொறுக்கிக்கொண்டிருந்த மகானுபாவர். திங்களன்று புது சிஸ்டமாம். அதற்குள் வேலையை விட்டுப் போனவர்கள், செத்தவர்கள் பெயரையெல்லாம் துடைக்க வேண்டுமாம்.

முதல் பெயர் எஸ்டெலிட்டா. சம்பளப் பிரிவில் இருந்தவர், பிப்ரவரியில் இறந்துபோனார். அவருடைய பதிவோடு மகன் நோயெலின் மருத்துவக் காப்பீடு இணைந்திருந்தது. பன்னிரண்டு வயதுப் பையன். டிசம்பர் வரை அது செல்லும். தாயின் பதிவை அழித்தால் அதுவும் போய்விடும்.

“சார், அந்தப் பையனுக்கு நாளைக்கு டயாலிசிஸ். அழிக்க வேணாம், ‘பணியில் இல்லை’ன்னு ஒரு குறி போட்டாப் போதும்.”

“செத்தவளோட குப்பையை எதுக்கு அடைகாக்கணும்? அழிம்மா.”

தட்டினேன். மணி 3:04.

டேட்டாபேஸ் மறுத்தது. இவரோடு இணைந்த பதிவு இன்னொரு அட்டவணையில் இருக்கிறது, முதலில் அதை நீக்கு என்றது. அது வழக்கம்தான். ஆனால் அது காட்டியது, யார் எந்த வாசலில் எப்போது அட்டையை வைத்தார்கள் என்று குறித்துவைக்கும் கதவு அட்டவணையை. அதிலிருந்த எஸ்டெலிட்டாவின் பழைய பதிவுகளைக் காலையிலேயே நான் நீக்கியிருந்தேன். இப்போது புதிதாக ஒன்று.

எஸ்டெலிட்டாவின் அடையாள அட்டை. கீழ் வாசல். இன்று, 3:03.

அந்த அட்டையை அவர் கழுத்தில் போட்டே புதைத்தார்கள். நானும் போயிருந்தேன்.

காவலாளி டான்தேயை போனில் கூப்பிட்டேன்.

“கீழ ஒரு ஈ காக்கா கூட வரல மேடம்.”

“எவனோ விளையாடறான். அதையும் அழி” என்றார் ரொடேலியோ.

அழித்தேன். மறுபடி மறுத்தது.

லிஃப்ட். 3:06.

வறுவல் நொறுங்கும் சத்தம் நின்றது. அழித்தேன்.

ஒன்பதாம் மாடி. 3:07.

எங்கள் மாடி.

வெளியே லிஃப்ட் மணி... டிங். பிறகு செருப்புச் சத்தம். சரக்... சரக்... ஒரு காலை இழுத்து நடக்கும் சத்தம். கடைசி மாதங்களில் எஸ்டெலிட்டா அப்படித்தான் நடந்தார்.

“நகரு!”

ரொடேலியோ கீபோர்டைப் பிடுங்கினார். டேட்டாபேஸின் விதியையே மாற்றினார். இனி ஒருவரை அழித்தால், அவரோடு இணைந்ததெல்லாம் எல்லா அட்டவணையிலிருந்தும் கேட்காமல் கொள்ளாமல் அழியும். குரங்கு கையில் கொடுக்கக் கூடாத கத்தி அது. எஸ்டெலிட்டாவின் பணியாளர் எண்ணை அடித்துத் தட்டினார். அவருடைய எண்ணைத்தான் அடித்தார். பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரக்...

எங்கள் கதவருகில் நின்றது.

பீப்.

கதவு திறந்தது. யாருமில்லை. தானாக மூடிக்கொண்டது.

“பாத்தியா? ஒண்ணுமில்ல” என்று சிரித்தார். சட்டை நனைந்திருந்தது. எழுந்து போய்க் கதவில் தன் அட்டையை வைத்தார்.

சிவப்பு விளக்கு.

மறுபடி வைத்தார். சிவப்பு. என் அட்டையை வைத்தேன். பச்சை.

திரும்பி வந்து அட்டவணைகளைப் பார்த்தேன். எஸ்டெலிட்டா இருந்தார். நோயெலின் காப்பீடும் இருந்தது. ரொடேலியோவைத் தேடினேன். சம்பளம், விடுப்பு, காப்பீடு... பதினோரு வருட வேலை. எங்கும் ஒரு வரி இல்லை.

“நான்... நான் அவ நம்பரைத்தானே போட்டேன்?”

பாவம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் நோயெலுக்கு டயாலிசிஸ் நடந்தது.

திங்களன்று ரொடேலியோவை மீட்க, விடுமுறைக்கு முன் புதன்கிழமை இரவு எடுத்து வைத்த நகலைத் திறந்தோம். அதிலும் அவர் இல்லை. போன மாத நகலிலும் இல்லை. அவர் இங்கே வேலை பார்த்ததற்கே அடையாளமில்லை.

ஆனால் அந்தப் புதன்கிழமை நகலின் கதவு அட்டவணையில் எஸ்டெலிட்டா பெயரில், பழைய பதிவுகளுக்குக் கீழே, மூன்று பதிவுகள் இருந்தன. 3:03. 3:06. 3:07.

மூன்றிலும் தேதி, வெள்ளிக்கிழமை.