மூன்றாவது கடிதம்

காரைக்குடியில் எங்கள் வீட்டைப் பார்க்க வருகிறவர்களுக்கு நானே சுற்றிக் காட்டுவேன். வாய் சும்மா இருக்காது. தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல் என்று ஆரம்பித்துக் கடைசியில் என் கதையில் வந்து நிற்பேன். ஒன்பது வயதில் இந்த வீட்டுக்குப் பிள்ளை கூட்டி வந்தார்கள் என்னை. வாரிசில்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டுப் பையனை ஊரறிய, விருந்து வைத்துத் தத்தெடுப்பதை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பெற்றவள் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தாள்.

போன தை மாதம் வந்த பெண்ணிடமும் இதை அளந்தேன். முகம் கொரியா, பேச்சு அமெரிக்கா. ஐம்பது வயது தாண்டியிருக்கும். கேட்டுக்கொண்டே வந்தவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவளும் தத்துப் பிள்ளையாம்.

வளர்த்த அப்பா கொரியப் போரில் சண்டை போட்ட அமெரிக்கச் சிப்பாய். அங்கே பார்த்த குழந்தைகளின் முகம் மறக்காமல், இருபது வருஷம் கழித்து ஒரு பிள்ளை வேண்டுமென்று எழுதிக் கேட்டாராம். போர் முடிந்ததும் முதலில் சிப்பாய்களுக்குப் பிறந்த குழந்தைகளை அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். அப்புறம் ஏழைக் குழந்தைகளை. கேட்பவர்கள் கூடக்கூட, பெற்றவர்கள் உயிரோடு இருந்த பிள்ளைகளையும் அநாதை என்று எழுதி அனுப்பினார்கள். அப்படி ஒரு தாளோடு நாலு வயதில் விமானம் ஏறியவள் இவள்.

பெற்ற அம்மா கொரியாவில் உயிரோடு இருப்பது போன வருஷம்தான் தெரிந்ததாம். நேரே போய்க் கதவைத் தட்ட முடியாது. அங்குள்ள தத்து அலுவலகம் அம்மாவுக்கு மூன்று கடிதம் போடும். மூன்றுக்கும் பதில் வராவிட்டால் கோப்பை மூடிவிடுவார்கள். இரண்டுக்குப் பதில் இல்லை. மூன்றாவது, இவளுடைய முகவரியோடு போயிருக்கிறது.

எனக்கு மனசு கேட்கவில்லை. எங்கள் வழக்கத்தில் ஒளிவுமறைவு கிடையாது, என்னைப் பெற்றவளைப் பார்த்தால் இவளுக்குத் தெம்பு வரும் என்று பெரிய மனுஷத்தனமாகக் கூட்டிப் போனேன். புத்தி கெட்டவன்.

என்னைப் பெற்ற ஆச்சி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இனி ஆத்தா என்று கூப்பிடக் கூடாது, ஆச்சி என்றே கூப்பிடு என்று அந்த ஒன்பது வயதில் எனக்குச் சொல்லிவிட்டார்கள். அவளும் என்னிடம் மரியாதை கொடுத்துத்தான் பேசுவாள்.

"வாங்க. யாரைக் கூட்டியாந்திருக்கீக?"

விவரம் சொன்னேன். அந்தப் பெண் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டாள். என் அம்மா பதில் போடுவாளா? நான் அதைத் தமிழில் சொன்னேன்.

ஆச்சி வெகுநேரம் அவள் கையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு அவளிடமே பேசினாள்.

"போட மாட்டா தாயி. குடுத்தவ என்னன்னு போடுவா? இவுக எதுக்க வாரது தெரிஞ்சா நான் அங்குட்டுத் திரும்பிருவேன். ஆத்தான்னு கூப்பிட்டுருவாகளோன்னு பயம். கூப்பிடாமப் போயிட்டாலும் பயம்."

ஐம்பது வருஷமாக என்னிடம் சொல்லாததை முகம் தெரியாத ஒருத்தியிடம் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போடுவாளாம் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். பெற்ற மனசு கேட்காதாம், கட்டாயம் போடுவாளாம்.

அவள் ஆச்சியின் இரண்டு கைகளையும் முகத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். ஆச்சி என்னைப் பார்த்தாள்.

"என்னத்தச் சொன்னீக?"

நேரமாச்சு என்று அந்தப் பெண்ணை எழுப்பிக் கூட்டி வந்துவிட்டேன்.

ஆனி மாதம் ஆச்சி போய்விட்டாள். கொள்ளி வைத்தது என் தம்பி. கொடுத்துவிட்ட பிள்ளைக்கு அந்த உரிமை கிடையாது. நான் கூட்டத்தோடு நின்றுவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் அந்தப் பெண்ணிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. மூன்றாவது கடிதத்துக்கும் பதில் இல்லை, கோப்பை மூடிவிட்டார்கள் என்று எழுதியிருந்தாள். ஆனாலும் உங்கள் அம்மா சொன்னாரே, என் முகவரி என்னைப் பெற்றவளிடம் இருக்கிறது, எனக்கே நேராக எழுதுவாள். வீட்டை விற்பதாக இருந்தேன், இப்போது விற்கவில்லை. தபால் வரும் நேரத்துக்குத் தினமும் வாசலில் நிற்கிறேன், உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள் என்று முடித்திருந்தாள்.

நானும் இன்னும் அவளுக்குப் பதில் போடவில்லை.