ஒரு சாண் தள்ளி

1998-இல், ஒரு திங்கட்கிழமை காலை, தாம்பரத்திலிருந்து எழும்பூர் போகும் மின்சார ரயிலில் நடந்தது இது. என் கணவருக்கு இதயத் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கரை இடது தோளுக்குக் கீழே பொருத்தி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. முதல் பரிசோதனைக்குப் போய்க்கொண்டிருந்தோம். செல்போன் அருகில் வந்தால் கருவி தடுமாறலாம் என்று அதனுடன் தந்த தாளில் போட்டிருந்தது. எவ்வளவு அருகில் என்று போடவில்லை. அன்றிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. அப்போது செல்போன் சிலரிடம்தான் இருந்தது. ஆனாலும் தெருவில் எதிரே வருபவர்களின் சட்டைப் பையையெல்லாம் பார்த்துக்கொண்டே நடப்பேன்.

ரயிலில் உட்கார இடம் கிடைக்கவில்லை. குரோம்பேட்டையில் ஏறிய கூட்டம், டை கட்டிய ஒருவரை என் கணவர்மேல் சாய்த்து நிறுத்தியது. பல்லாவரம் தாண்டியதும் டை கட்டியவருடைய செல்போன் ஒலித்தது. பையிலிருந்து எடுத்தவரால் நெரிசலில் கையை நகர்த்த முடியவில்லை. போன் என் கணவரின் நெஞ்சை ஒட்டியே அலறியது.

“சார், அத அவர் நெஞ்சுகிட்ட வெக்காதீங்க! உள்ள பேஸ்மேக்கர் இருக்கு!” என்று கத்திவிட்டேன்.

“எல்லாரும் பாக்கறாங்க, சும்மா இரு” என்று என் கணவர் முறைத்தார்.

டை கட்டியவர் எப்படியோ கையை உருவித் தலைக்கு மேலே தூக்கினார். யார் அழைத்தது என்றுகூடப் பார்க்காமல் போனை அணைத்தார். “ஆஃப் பண்ணிட்டேம்மா.”

“அப்பவும் கீழ எறக்காதீங்க சார்.”

அவர் இறக்கவில்லை. வாசலருகே நின்ற ஒருவர், “இன்னா சார், சிக்னல் புடிக்கிறியா?” என்றதும் பெட்டியே சிரித்தது.

“ஆமாண்ணா, மாம்பலம் வரைக்கும் நான்தான் டவர்” என்றார் இவர்.

கை வலித்தபோது போனை மறு கைக்கு மாற்றினாரே தவிர, கீழே கொண்டுவரவில்லை. நான் கணவரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தபடியே நின்றேன். மாம்பலத்தில் டை கட்டியவர் தூக்கிய கையோடுதான் இறங்கிப் போனார்.

மருத்துவர் கருவியைச் சோதித்துவிட்டு, எந்தக் குறையும் இல்லை என்றார். “ஒரு சாண் தள்ளி இருந்தா போதும்மா. ஆஃப் பண்ண போன் ஒண்ணும் செய்யாது.” கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலை நிமிரவில்லை.

எவ்வளவு தூரம் போதும் என்பது ரயிலில் எனக்கும் தெரியாது, டை கட்டியவருக்கும் தெரியாது. ஆனாலும் முன்பின் தெரியாத ஒருத்தியின் பயத்தை மதித்து, ஊர் சிரிக்கக் கையைத் தூக்கி நின்ற அவரை நினைத்தால், பயந்து கேட்பவரிடம் காரணம் கேட்குமுன் கொஞ்சம் விலகிக் கொடுக்கலாம் என்றே இன்றும் தோன்றுகிறது.