முள்ளெலிக்குக் குரல் கொடுத்தவர்

செசில் ஹாக்ஸ்பியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பார்த்தோம் என்பதுதான் உங்கள் ஞாபகத்தில் இருக்காது. தட்டில் கடிதத்தை ஏந்தி வந்து வைத்துவிட்டுப் போகும் பட்லர், இன்ஸ்பெக்டருக்குப் பின்னால் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் போலீஸ்காரர், கல்யாணத்தைப் பாதியில் நிறுத்தும் பாதிரியார், முதல் காட்சியிலேயே கம்பளத்தின் மேல் செத்துக் கிடக்கும் பணக்கார மாமா. எல்லாம் அவர்தான். கடவுள் ஏதோ அவசரத்தில் செய்துவிட்ட முகம்.

ஒருமுறை லண்டன் பஸ்ஸில் கண்டக்டர் அவரை உற்று உற்றுப் பார்த்தார். செசிலுக்குத் தலைகால் புரியவில்லை. டையைச் சரிசெய்துகொண்டார்.

"உங்களை எங்கயோ பாத்திருக்கேனே..."

"இருக்கும், இருக்கும்," என்றார் செசில் அடக்கமாக.

"ஆங்! போன மாசம் எங்க வீட்டு கேஸ் அடுப்பு ரிப்பேருக்கு வந்தது நீங்கதானே? அது மறுபடியும் ஒழுகுதுய்யா!"

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது அவர் மனைவி டோரீன் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த டீ கோப்பை கவிழ்ந்துவிட்டது. டோரீனும் ஒருகாலத்தில் நாடகக்காரிதான். கம்பெனியில் உடை தைத்துக்கொண்டே வேலைக்காரி வேஷமும் போட்டவள். அதனால் அவளிடம் மட்டும் செசில் பொய் சொல்ல முடியாது.

ஆனால் அந்த முகத்துக்குள் ஒரு குரல் இருந்தது. இளவயதில் ஊர் ஊராக நாடகம் போட்டுத் திரிந்தபோது, கிரிம்ஸ்பியில் தங்கியிருந்த வீட்டின் சொந்தக்காரர் ஒருவர், பொருந்தாத பொய்ப்பல்லோடு நாள் முழுக்கப் புலம்புவார். நிலக்கரி தீர்ந்துபோச்சு, வெந்நீரைக் கொட்டிட்டீங்க, இந்த நாடகக்காரங்களுக்கு இடம் கொடுத்ததே தப்பு என்று. ஒவ்வொரு புலம்பலின் முடிவிலும் பல்லிடுக்கில் ஒரு சின்ன விசில். செசில் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். அதுதான் பின்னாளில் வானொலியில் மட்கின் என்ற கிழட்டு முள்ளெலியாயிற்று. எந்நேரமும் சிடுசிடுப்பு, உள்ளுக்குள் வெண்ணெய். ஞாயிற்றுக்கிழமை மாட்டிறைச்சி வறுவலும் உருளைக்கிழங்கும் தட்டில் ஆறிக்கொண்டிருக்க, நாடே காதைத் தீட்டிக்கொண்டு அதைக் கேட்டது. முள்ளெலியை எல்லாருக்கும் தெரியும். முள்ளெலிக்குள் இருந்தவரை ஒருவருக்கும் தெரியாது. அந்தக் காலத்து வானொலியில் குழந்தைகள் நிகழ்ச்சிக்கு யார் பேசினார் என்று சொல்கிற வழக்கமில்லை. குழந்தைகளின் மனசு உடைந்துவிடுமாம்! செசிலின் மனசைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

அந்த நிகழ்ச்சியை நடத்தியவன் ரோலண்ட் ஃபிப்ஸ். அவனுக்கு 'அவர்' போட எனக்கு வாய் வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ரோலண்டும் செசிலும் ஒரே நாடகக் கம்பெனியில் ஒரே அறையில், பனிக்காலத்தில் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு வாழ்ந்தவர்கள். ஹார்ட்டில்பூலில் ஒருநாள் ரோலண்ட் துப்பறிபவன், செசில் பிணம். நடு மேடையில் ரோலண்டுக்கு வசனம் சுத்தமாக மறந்துபோயிற்று. கம்பெனி முதலாளி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். வாயைப் பிளந்துகொண்டு நின்றவனுக்குக் கம்பளத்தின் மேல் கிடந்த பிணம், உதடு அசையாமல், வரிவரியாக வசனத்தை எடுத்துக் கொடுத்தது. காட்சி முடியும்வரை கொடுத்தது. அன்று செசில் வாயை மூடிக்கொண்டு கிடந்திருந்தால் ரோலண்ட் அடுத்த நாளே அப்பனின் செருப்புக் கடையில் உட்கார்ந்திருப்பான். "சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்டா," என்று அன்று மதுக்கடையில் கட்டிப்பிடித்து அழுதான்.

வானொலி நிகழ்ச்சி நின்று பல வருஷம் கழித்து, மட்கினை வைத்துப் பெரிய கார்ட்டூன் படம் எடுக்கப்போவதாகப் பேச்சு வந்தது. டைரக்டர் ரோலண்ட். அவனே போன் செய்து செசிலை மதுக்கடைக்குக் கூப்பிட்டான்.

"மட்கின்னா நீ, நீன்னா மட்கின். வேற யாருடா பேச முடியும்?" என்று தோளைத் தட்டினான். "இந்தத் தடவை திரையில பேர் வரும். பெரிய எழுத்துல."

செசில் வீட்டுக்கு நடந்து வரவில்லை, மிதந்து வந்தார். எழுபதை நெருங்கும் வயசு. வாழ்நாளில் ஒருமுறை, ஒரே ஒருமுறை, தன் குரலுக்குப் பக்கத்தில் தன் பெயர். அதற்குமேல் அவர் எதையும் கேட்கவில்லை.

"எழுதி வாங்கினியாய்யா?" என்றாள் டோரீன்.

"யார்கிட்ட? ரோலிகிட்டயா? நல்லாருக்கே! பொண்டாட்டிகிட்ட சோறு போடுவேன்னு எழுதி வாங்கற மாதிரி."

"நான் ஒண்ணும் தினமும் போடறதில்லையே," என்றாள் அவள். பேச்சு அத்தோடு சிரிப்பில் போயிற்று.

அடுத்த மாதம் ரோலண்ட் ஓர் இளைஞனை அனுப்பிவைத்தான். மைல்ஸ் வெதர்பி. பத்திரிகை அட்டைகளில் பல் தெரியச் சிரிப்பானே, அந்தப் பிரபல நடிகன். படத்தில் அவனும் இருக்கிறான், மட்கினுடைய மகன் வேஷம் என்று செசிலே நினைத்துக்கொண்டார். அப்படி யாரும் சொல்லவில்லை. இல்லை என்றும் யாரும் சொல்லவில்லை.

"சார், அந்தக் குரல் எப்படி வருதுன்னு ரோலண்ட் சார் உங்ககிட்ட கேட்டுக்கச் சொன்னார்," என்றான் மைல்ஸ், டோரீன் கொடுத்த கேக்கை மடியில் சிந்திக்கொண்டு.

நடிகனிடம் போய் 'எப்படிச் செய்தீர்கள்' என்று கேட்டால் தீர்ந்தது. ஜேபியை, வீட்டை, கிட்னியைக்கூட எழுதிக் கொடுத்துவிடுவான். அந்த இனத்துக்கே உள்ள வியாதி அது. செசில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் தாரை வார்த்தார். தாடையை நெஞ்சோடு ஒட்டணும். நாக்கை அடிப்பல்லில் அழுத்தணும். மூச்சை வாக்கியத்தின் முடிவில் இல்லை, நடுவில், எடுக்கக்கூடாத இடத்தில் எடுக்கணும்.

"முக்கியமானது இதுதான் தம்பி," என்றார் கடைசியாக. "அவன் கோவக்காரன் இல்ல. பயந்தவன். எல்லாரும் தன்னை விட்டுட்டுப் போயிடுவாங்களோன்னு பயம். அதான் முன்னாடியே திட்டி வச்சுக்கறான். அந்தப் பயம் குரல்ல இல்லேன்னா விசில் அடிச்சு ஒரு பிரயோஜனமும் இல்ல."

மைல்ஸ் கண் கலங்கிக் கையைப் பிடித்துக் குலுக்கினான். செசிலுக்கு அன்று முழுக்க வாயெல்லாம் பல். மகன் வேஷக்காரன் அப்பாவை எவ்வளவு அக்கறையாய்ப் படிக்கிறான் என்று மாய்ந்து மாய்ந்து போனார்.

ரெக்கார்டிங் நாள் வந்தது. டோரீன் சட்டையை இஸ்திரி போட்டாள், வில் டையைக் கட்டிவிட்டாள். "போய்க் காலை உடைச்சுக்கிட்டு வா," என்றாள். நாடகக்காரர்கள் வீட்டில் ஆசீர்வாதம் அப்படித்தான். பக்கத்து வீட்டு மிஸஸ் பார்ட்வெல்லையும் மாலை டீக்கு அழைத்திருந்தாள். விஷயம் தெருவுக்கே தெரிந்துவிட்டிருந்தது.

ஸ்டூடியோ வாசலில் இருந்த பெண் பெயரைக் கேட்டுவிட்டு, "ஹாக்ஸ்பி... கீழ போங்க. கூட்டக் குரல் எடுக்கறது அங்கதான்," என்றாள். ஏதோ தவறு என்று நினைத்துக்கொண்டே செசில் படியிறங்கினார்.

கீழே ஒரு மைக்கைச் சுற்றி வயசான நடிகர்கள் சிலர் நின்றிருந்தார்கள். காட்டு மிருகங்கள் கூடி நிற்கும் காட்சிகளுக்குச் சலசலப்பு கொடுக்க வந்தவர்கள். இந்த வேலைக்கு வசனமே கிடையாது. "ரூபார்ப், ரூபார்ப்" என்று பலகாரத்தில் போடுகிற தண்டின் பெயரை ஆளாளுக்கு முணுமுணுத்தால் கூட்டம் பேசுவதுபோல் கேட்கும். பெரில் டட்ஜன் என்ற பழைய சிநேகிதி அவரைப் பார்த்துக் கண்ணை விரித்தாள்.

"செசில்! நீ இங்க என்ன பண்றே? உன்னை மேலன்னு இல்ல நெனச்சேன்?"

"எனக்கும் புரியல பெரில். ரோலி வந்து சொல்லுவான்."

அப்போது ஸ்பீக்கரில் மட்கினின் குரல் வந்தது.

செசிலின் முகம் மலர்ந்தது. "என்னோட பழைய வானொலிப் பதிவைப் போடறாங்க," என்று பெரிலிடம் பெருமையாகக் கிசுகிசுத்தார். அதே சிடுசிடுப்பு, அதே விசில், நடு வாக்கியத்தில் அதே மூச்சு. 'பரவாயில்லையே, அந்தக் காலத்தில் நன்றாகத்தான் செய்திருக்கிறேன்' என்றுகூட நினைத்தார். பிறகு அந்தக் குரல், அவர் ஒருநாளும் பேசியிராத ஒரு வசனத்தைப் பேசியது.

பேசுவது மைல்ஸ். தன் காதே தன்னை ஏமாற்றும் அளவுக்கு அல்லவா செசில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்! அந்தப் பயத்தைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை.

தேநீர் இடைவேளையில் ரோலண்ட் தாழ்வாரத்தில் எதிர்ப்பட்டான். பார்த்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"செசில், நானே சொல்லணும்னுதான்... பணம் போடறவங்க பெரிய பேர் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கறாங்கடா. நான் என்ன பண்ணுவேன்?"

"எப்ப முடிவாச்சு?"

ரோலண்ட் மறுபடியும் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"மதுக்கடையில தோளைத் தட்டினியே, அப்பவே தெரியுமா?"

"அதான் உன்னை விட்டுடக் கூடாதுன்னு கூட்டத்துல ஒரு இடம் வாங்கிக் கொடுத்தேன்."

"அவனை எங்க வீட்டுக்கு அனுப்பினது நீதானே? டோரீன் கேக் சுட்டுப் போட்டாடா! என் கத்தியை என் கையிலயே கொடுத்து, என் கழுத்தை அறுத்துக்க வச்சுட்டியே! ஹார்ட்டில்பூல்ல நான் வாயை மூடிக்கிட்டுக் கிடந்திருக்கணும்."

"பழசையெல்லாம் இப்ப எதுக்குக் கிளறே?" என்றான் ரோலண்ட். சொல்லிவிட்டுப் பதிவு நடத்தும் கண்ணாடி அறைக்குள் போய்விட்டான். அடப்பாவி! அதைச் சொல்ல அவனுக்கு வாய் கூசவில்லை.

மைல்ஸ் அந்தப் பக்கமாக ஓடி வந்து செசிலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். "சார்! நீங்க ஓய்வெடுத்துட்டீங்க, உங்க ஆசீர்வாதத்தோடதான் எனக்குக் கொடுத்தாங்கன்னு ரோலண்ட் சார் சொன்னார். சரியா வந்திருக்கா?"

செசில் அவனைப் பார்த்தார். பையனுக்கு ஒன்றும் தெரியாது. "சரியாத்தான் இருக்கு தம்பி," என்றார். அதுவும் உண்மைதான்.

அப்படியே கிளம்பிப் போயிருக்கலாம். ஆனால் அழைப்பை ஏற்று வந்த நடிகன் பாதி வேலையில் வெளியே போவதில்லை. காய்ச்சலோடு நடித்திருக்கிறார், அப்பா செத்த அன்றும் நடித்திருக்கிறார். மைக்குக்குத் திரும்பினார்.

கடைசிக் காட்சி. தொலைந்துபோன மட்கின் திரும்பி வருகிறான். காடே கூடி வரவேற்கிறது. எல்லாரும் வாழ்த்திக் கத்தினார்கள், முணுமுணுத்தார்கள். செசிலும் முணுமுணுத்தார். வேண்டுமென்று செய்யவில்லை. நெஞ்சு அடைத்திருந்ததால் மூச்சு நடுவில் அறுந்தது, பல்லிடுக்கில் காற்று விசிலடித்தது.

ஸ்பீக்கரில் சவுண்டு இன்ஜினியரின் குரல் வந்தது. "நிறுத்துங்க. கூட்டத்துல யாரோ மட்கின் மாதிரியே பேசறாங்க. தனியாத் தெரியுது."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. பெரில் மட்டும் செசிலின் முழங்கையைத் தொட்டாள். கண்ணாடிக்கு அப்பால் ரோலண்ட் குனிந்து பொத்தானை அழுத்தினான்.

"செசில், நீ... நீ சும்மா வாயை மட்டும் அசைச்சுக்கோ. சத்தம் வேணாம்."

மறுபடியும் எடுத்தார்கள். காடு மட்கினைக் கொண்டாடியது. செசில் ஹாக்ஸ்பி வில் டையோடு கூட்டத்தின் நடுவே நின்று, சத்தம் வராமல் உதட்டை அசைத்தார்.

"பிரமாதம்," என்றான் ரோலண்ட். "இப்பதான் சரியா வந்துச்சு."

வீட்டில் கேக் மேஜைமேல் இருந்தது. மிஸஸ் பார்ட்வெல் கதவு திறக்குமுன்பே ஆரம்பித்துவிட்டாள். "வாங்க, வாங்க! எங்களுக்காக மட்கின் மாதிரி ஒரே ஒரு வார்த்தை. படம் வர்ற வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது!"

செசில் கோட்டைக் கழற்றாமல் நின்றார். "நான் இல்லீங்க," என்றார் தன் சொந்தக் குரலில். மிஸஸ் பார்ட்வெல் அதை அவ்வளவு சன்னமாக அதுவரை கேட்டதே இல்லை. "அதைப் பேசறவர் வேற ஒருத்தர்."

டோரீன் டீ கூஜாவைக் கீழே வைத்தாள். கால் உடைந்ததா என்று அவள் கேட்கவில்லை.

"ரோலி பண்ணின வேலையா?" என்றாள்.

செசில் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.